பத்தொன்பதாவது குதிரை

செம்பூரில் கிழக்கு ஃப்ரீவே தொடங்குகிறது. அதில் ஏறும் கார் ஒரு சிக்னலிலும் நிற்காமல் தெற்கு மும்பைக்குப் போய்விடும். பைக் ஏறக்கூடாது. பாந்த்ரா–வொர்லி கடல் பாலத்திலும் பைக்குக்கு அனுமதியில்லை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் இல்லை. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவிலும் இல்லை. வேகமாகப் போவதற்கென்றே இந்த நகரம் கட்டிய சாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியேதான் பைக்காரர் நிற்கிறார். ஆனாலும் மும்பையின் எந்த பைக் மிஸ்திரியிடம் கேட்டாலும் சொல்வார்: "வண்டியில பவர் பத்தல, ஏதாவது பண்ணுங்க" என்று வருகிறவர்கள் குறையவில்லை.

அதிலும் டியூவல் ஸ்போர்ட் வண்டிக்காரர்களின் ஏக்கம் தனி ரகம். வாரநாளில் தாரில், ஞாயிற்றுக்கிழமை சேற்றில் என்று இரண்டுக்கும் பொருந்தச் செய்த வண்டி அது. உயரமான சஸ்பென்ஷன், ஒல்லியான உடம்பு, முன்னால் 21 அங்குலச் சக்கரம், நடுவில் சின்ன எஞ்சின். இந்தியாவில் இந்த வகைக்கு முதலில் பெரிதாகக் கடை விரித்தது ஹீரோ நிறுவனம். 2011இல் 150 சி.சி. இம்பல்ஸ் வந்தது, விற்காமல் போனது. 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது, நிலைத்தது. அந்த எக்ஸ்பல்ஸைத்தான் இந்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதன் எஞ்சின் ஏறக்குறைய 200 சி.சி.; சுமார் 18 குதிரைத்திறன். அதைக் கூட்ட முடியுமா? முடியும். ஆனால் ஒவ்வொரு குதிரையும் என்ன விலைக்கு வருகிறது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

முதலில் இந்த 18 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுவோம். காகிதமும் பேனாவும் போதும்.

எக்ஸ்பல்ஸின் உச்சத் திறன் நிமிடத்துக்கு 8,500 சுற்றில் கிடைக்கிறது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 4,250 மூச்சு, மூச்சுக்கு 200 மில்லிலிட்டர்: நிமிடத்துக்கு 850 லிட்டர் காற்று. 30 டிகிரி வெயிலில் ஒரு கனமீட்டர் மும்பைக் காற்றின் எடை 1.15 கிலோ அளவில் இருக்கும். வால்வு, குழாய், ஃபில்டர் எல்லாம் தடுப்பதால் சிலிண்டர் முழுதாக நிரம்பாது; பத்தில் ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது நிமிடத்துக்கு 880 கிராம் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக நொடிக்கு ஒரு கிராம் பெட்ரோல்தான் எரிய முடியும், அதற்கு மேல் இல்லை. ஒரு கிராம் பெட்ரோலில் 43 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. அது நொடிக்கு ஒரு கிராம் எரிந்தால் 43 கிலோவாட். இவ்வகை எஞ்சின் அதில் முப்பது சதவீதத்துக்குச் சற்று மேல் சுழற்சியாக மாற்றும். 13 கிலோவாட் சொச்சம். குதிரைக் கணக்கில் 18.

இந்தக் கணக்கில் கட்டுப்படுத்துவது எது? பெட்ரோல் அல்ல. பெட்ரோலை இரட்டிப்பாகப் பீய்ச்சலாம், கரும்புகைதான் வரும். எரிக்கக் காற்று வேண்டும், அந்த 850 லிட்டருக்கு மேல் எஞ்சின் விழுங்காது. பவர் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் எந்தச் சாமானைப் பார்த்தாலும் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: இது காற்றைக் கூட்டுகிறதா? இல்லையென்றால், அந்த முப்பது சதவீதத்தைக் கூட்டுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அது ஸ்டிக்கர்.

காற்று எவ்வளவு கறாரான எஜமான் என்பதற்கு மும்பையின் மாட்டுங்காவிலேயே ஒரு சான்று உண்டு. 1887இல் தொடங்கி, 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்மாறிய வி.ஜே.டி.ஐ. கல்லூரியின் மாணவர்கள் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளுக்காகச் சொந்தமாகப் பந்தய கார் செய்கிறார்கள். அந்தப் போட்டியின் விதிப்படி, பெட்ரோல் எஞ்சின் குடிக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும், பின்னால் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் ஒரு துளி வராது. நொடிக்கு சுமார் 74 கிராம், அவ்வளவுதான். உள்ளே எந்த எஞ்சினை வைத்தாலும் சரி. போட்டியாளர்களின் வேகத்தை ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள ஓட்டையால் அடக்கிவிடுகிறார்கள். நம் எக்ஸ்பல்ஸ் குடிப்பது நொடிக்குப் பதினைந்து கிராமுக்கும் குறைவு.

மழைக்காலத்தில் இந்த நகரத்தின் காற்று இன்னொரு வரி பிடிக்கிறது. ஜூலை மாதம் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும்போது, நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 30 டிகிரியில் அந்த இழப்பு மூன்று சதவீதத்துக்கு மேல். அரைக் குதிரை ஆவியாகப் போகிறது. யாரும் கவனிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு "வண்டி வேற மாதிரி போகுது" என்று சொல்கிறவர் பேசிக்கொண்டிருக்கும் லாபமும் ஏறக்குறைய இதே அளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காற்றைக் கூட்டும் நேர்வழி, சிலிண்டரைப் பெரிதாக்குவது. இம்பல்ஸ்காரர்கள் இதில் முரட்டு வழியைக் கண்டுபிடித்தார்கள். இம்பல்ஸின் உடம்பு பிரமாதம், 13.2 குதிரை எஞ்சின் அதற்குக் காணாது. அதே நிறுவனத்தின் கரிஸ்மாவிலிருந்து 223 சி.சி. எஞ்சினைக் கழற்றி இம்பல்ஸ் சட்டத்துக்குள் ஏற்றினார்கள். நாடு முழுவதும் பைக் பிரியர்களிடையே பெயர்பெற்ற மாற்றம் இது. கணக்கைப் பாருங்கள்: கொள்ளளவு ஒன்றரை மடங்கு, திறனோ 13.2இலிருந்து 17 சொச்சம், முப்பது சதவீதம்தான் அதிகம். கரிஸ்மா எஞ்சினின் வீச்சு நீளம்; அது நிதானமாகச் சுற்றும், உச்சத்தை 7,000 சுற்றிலேயே தொட்டுவிடும். ஒரு மூச்சில் அதிகம் இழுக்கும், மூச்சுகளின் எண்ணிக்கை குறைவு. ஆனால் முறுக்குவிசை 13.4இலிருந்து 18.35 நியூட்டன் மீட்டருக்குத் தாவியது. மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது அதுதான். எண்களில் சுமாராகத் தெரிந்த மாற்றம் சாலையில் அமோகமாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

எக்ஸ்பல்ஸில் எஞ்சினை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் அகலப்படுத்தலாம். லேத்துக்காரர் மொழியில் போர் அடிப்பது. அதன் சிலிண்டர் விட்டம் 66.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 57.5. விட்டத்தை 70 ஆக்கினால் கொள்ளளவு 221 சி.சி.; பதினொரு சதவீதம் கூடுதல். சுற்றிலும் 1.75 மில்லிமீட்டர் உலோகத்தைச் சீவினால் இவ்வளவு லாபமா என்று தோன்றும். விட்டம் வர்க்கமாகப் பெருகுவதால் வரும் லாபம் இது. ஆனால் வால்வும் காற்றுக் குழாயும் பழைய அளவுதான். கீழ்ச் சுற்றுகளில் பதினொரு சதவீதமும் கிடைக்கும். மேலே போகப் போகப் பழைய தொண்டை புதிய நுரையீரலுக்குப் பத்தாது. சீவிய சுவர் மெலிந்துவிட்டது என்ற கவலை தனி.

பெரிய சிலிண்டருக்குப் பெரிய பிஸ்டன் வேண்டும். எஞ்சினில் மிகக் குறைவாக மதிக்கப்படும் பொருள் இதுதான் என்பது என் எண்ணம், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பிஸ்டன் வட்டமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குளிர்ந்த நிலையில் அது வட்டமல்ல. குறுக்கே வெட்டினால் மிக மெல்லிய முட்டை வடிவம். பக்கத்திலிருந்து பார்த்தால் தலை சிறுத்து, பாவாடைப் பகுதி அகன்றிருக்கும். எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவான வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டரில் தெரியும். காரணம் சூடு. பிஸ்டனின் தலை நெருப்பின் அடியில் இருக்கிறது. அதன் வெப்பம் 200 டிகிரி உயர்ந்தால் 66.5 மில்லிமீட்டர் அலுமினியம் கால் மில்லிமீட்டருக்கு மேல் பருக்கும். வெளியே உள்ள இரும்புச் சுவர் அவ்வளவு சூடாவதில்லை, சூடான அளவுக்கும் பாதிதான் விரியும். குளிரில் வட்டமாகச் செய்து பொருத்தினால் சூட்டில் சிக்கிக்கொள்ளும். ஆகவே சூடேறிய பிறகு வட்டமாகும்படி, குளிரில் கோணலாகக் கடைகிறார்கள். பாவாடைக்கும் சுவருக்கும் இடையே விடும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு.

பொருளும் சாதாரண அலுமினியமல்ல. தாராவியின் பதின்மூன்றாவது காம்பவுண்டில் பழைய அலுமினியம் உருகிப் பாளமாவதைப் பார்க்கலாம்: பாத்திரம், ஜன்னல் சட்டம், குளிர்பான டப்பா எல்லாம் ஒரே உலையில் போகும். குளிர்பான டப்பாவில் இருப்பது மாங்கனீசும் மெக்னீசியமும் கலந்த, மெல்லிய தகடாக இழுபடக்கூடிய உலோகம். பிஸ்டனுக்கு வேண்டியதோ நேர் எதிரான குணம். அதில் ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கன் கலக்கிறார்கள். சிலிக்கன் மிகக் குறைவாக விரியும், கடினமானது, தேயாது. அலுமினியத்தைச் சூட்டில் அடக்கி வைக்கும். சிலிக்கனின் அளவு சரியில்லாத பிஸ்டனைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. அதே பளபளப்பு, அதே எடை. முதல் நீண்ட ஏற்றத்தில்தான் தெரியும்: கூடுதலாக விரிந்து, எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு சுவரில் ஒட்டும். எஞ்சின் சீஸ் ஆகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலிவு விலை போர் கிட் வாங்குகிறவர் உண்மையில் பணயம் வைப்பது அந்தச் சிலிக்கன் சதவீதத்தை.

கொள்ளளவைத் தொடாமல் காற்றைக் கூட்ட வேண்டுமானால் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டலாம். 8,500ஐ 10,500 ஆக்கலாம். பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலே போய்த் திரும்பும்போதும் அதை இழுத்து நிறுத்தும் விசை, சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 8,500 சுற்றிலேயே அந்த முடுக்கம் புவியீர்ப்பைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். 10,500இல் அது இன்னும் ஐம்பது சதவீதம் கூடிவிடும். கனெக்டிங் ராடு அதைத் தாங்கினாலும் வால்வு ஸ்பிரிங் தாங்க வேண்டும். வால்வைத் திறந்து மூடவைக்கும் கேம் சொல்லும் வேகத்துக்கு அது மூடாமல் மிதக்கத் தொடங்கினால் பிஸ்டன் வந்து முட்டும். சாலை வண்டியில் இந்த வழி வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அதே மூச்சை இன்னும் நிறைவாக இழுக்க வைப்பது. தொழிற்சாலையே செய்தது இதைத்தான். 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்தபோது எக்ஸ்பல்ஸின் திறன் 18.4இலிருந்து 18.08 ஆகச் சரிந்தது. 2021 அக்டோபரில் ஹீரோ 4வி என்ற புது வடிவத்தை வெளியிட்டது. இரண்டு வால்வுக்குப் பதில் நான்கு. ஒரு வட்டத்துக்குள் இரண்டு பெரிய வட்டங்களை அடைப்பதைவிட நான்கு சிறு வட்டங்களை அடைத்தால் திறக்கும் பரப்பு அதிகம். சிறு வால்வு எடை குறைந்தது என்பதால் வேகமாகவும் மூடும். இதற்காக சிலிண்டர் ஹெட்டையே புதிதாக வடிவமைத்தார்கள். கிடைத்தது 19.1. ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள், ஆய்வுக்கூடம், புது வார்ப்பு அச்சு எல்லாம் சேர்ந்து ஈட்டியது ஒரே ஒரு குதிரை. சந்து முனையில் மூவாயிரம் ரூபாய்க்கு மூன்று குதிரை தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி: அந்த முப்பது சதவீதத்தைக் கூட்ட முடியுமா? அதற்குச் சாவி கம்ப்ரஷன். எரிப்பதற்கு முன் எவ்வளவு இறுக்குகிறோமோ, எரிந்த பிறகு அவ்வளவு விரிந்து வேலை செய்யும். எக்ஸ்பல்ஸில் விகிதம் 10க்கு 1. ஹெட்டைச் சீவி 11.5 ஆக்கினால் வெப்ப இயக்கவியல் தரும் பரிசு 3.6 சதவீதம். பொடிப் பரிசு. ஆனால் இதற்கு அபராதம் பெரிது; அதன் பெயர் நாக்கிங்.

தீப்பொறி பற்றவைத்த நெருப்பு சிலிண்டருக்குள் ஒரு பக்கத்திலிருந்து பரவி வருகிறது. அது வந்து சேருவதற்குள், மறுமூலையில் நசுங்கிக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானே வெடித்தால் அழுத்த அலை சுவரில் மோதும். கசாரா மலைப்பாதையில் டாப் கியரில் முறுக்கும்போது எஞ்சினுக்குள் கேட்கும் டிங் டிங் ஒலி அதுதான். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ஹாரி ரிகார்டோ, எரிபொருளுக்கு எரிபொருள் இந்தக் குணம் மாறுவதை அளந்து காட்டினார். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கூட்டுப்பொருளைத் துளி சேர்த்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டார். எஞ்சின்கள் வலிமை பெற்றன; உலகத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. இந்தியா 2000இல்தான் ஈயப் பெட்ரோலை ஒழித்தது.

ஆக்டேன் எண் என்பது இந்த நாக்கிங்கைத் தாங்கும் சக்தியின் அளவு, ஆற்றலின் அளவு அல்ல. செம்பூரின் மாஹுல் பக்கம் 1950களிலிருந்து இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன: பர்மா ஷெல் கட்டியது பின்னாளில் பாரத் பெட்ரோலியம் ஆனது, எஸ்ஸோவினுடையது இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. அங்கே நடக்கும் வேலையில் ஒரு பகுதி, நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளைக் கிளையும் வளையமுமாக மாற்றி இந்த எண்ணை ஏற்றுவது. பங்கில் 97, 99, 100 என்று பலகை மாட்டி விற்கும் பெட்ரோல் சாதாரண பெட்ரோலைவிட அதிகமாக எரிந்துவிடாது. லிட்டருக்கு அதே ஆற்றல்தான். 10க்கு 1 எஞ்சினுக்கு 100 ஆக்டேன் ஊற்றுவதில் லாபமடைவது பங்க்காரர் மட்டும். கம்ப்ரஷனை ஏற்றியவருக்கு அது அவசியச் செலவு.

எத்தனாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது நாடெங்கும் விற்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஆக்டேன் குறைந்தது 95 இருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம். லிட்டருக்கு ஆற்றல் ஏழு சதவீதம் குறைவு என்பதால் மைலேஜ் இறங்கும் என்று கோபப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் பவர்? எத்தனால் எரிய அதன் எடையில் ஒன்பது மடங்கு காற்றே போதும். ஒரு கிலோ காற்றுக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டால் பெட்ரோலும் எத்தனாலும் ஏறக்குறைய சமம். கட்டுப்படுத்துவது காற்றுதான் என்று மேலே பார்த்தோம். ஆகவே போதிய அளவு ஊற்றினால் திறன் குறையாது. ஆவியாகும்போது எத்தனால் கலவையைக் குளிரவைப்பதால் நாக்கிங்கும் தள்ளிப்போகும். சிக்கல் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு. அதன் ஜெட் துளை பெட்ரோலுக்கு அளந்தது. இ20 அதன் வழியே போனால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். துளையை ஒரு நம்பர் ஏற்றுவது அங்கே உண்மையான மருத்துவம்.

இன்ஜெக்ஷன் வண்டியில் அந்தத் துளையின் இடத்தில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. புகைக்குழாயில் மிஞ்சிய ஆக்சிஜனை முகர்ந்து, மிதமான ஓட்டத்தில் கலவையைத் தானே திருத்தும். திராட்டிலை முழுக்கத் திறந்தால் உணரியை நம்பாது. தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து ஊற்றும். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியவரின் வண்டி மேல் சுற்றில் சூடாகிப் படபடப்பது இதனால்தான்: காற்று கூடியது அட்டவணைக்குத் தெரியாது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்டிரானிக் போன்ற பெட்டிகள் இடையில் புகுந்து அந்த அட்டவணையைத் திருத்துகின்றன. காற்றைக் கூட்டியிருந்தால் அது தேவை. எதையும் கூட்டாமல் பெட்டியை மட்டும் மாட்டினால் தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளிக் கொஞ்சம் கறக்கலாம், நிறுவனம் பாதுகாப்புக்கு விட்டுவைத்த ஓரத்தைத் தின்றுகொண்டு. சைலன்சரின் லாபத்தில் பெரும்பங்கு காதுக்குத்தான். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக் கடந்து செல்லும் சோதனையில் 80 டெசிபலுக்கு மேல் கத்தக்கூடாது என்பது விதி. போலீஸ் பிடுங்கிய சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் படங்களைப் பல ஊர்ச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு வீச்சு எஞ்சினில் கதை வேறு. அங்கே புகைக்குழாயே பாதி எஞ்சின். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன், குழாயில் திரும்பி வரும் ஒலியலையைக் கொண்டே தப்பிக்கும் கலவையை சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளக் கற்றார். 1961இல் 125 சி.சி.யில் 25 குதிரையைத் தொட்டார். நம் ஊர் ஆர்.எக்ஸ். 100 பைக் பக்தர்கள் போர்ட்டைக் குடைந்து, குழாயை மாற்றி அற்புதங்கள் செய்ய முடிவது அந்த மரபில்தான். அந்த அனுபவத்தை நான்கு வீச்சு எக்ஸ்பல்ஸில் எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம் உறுதி.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் பெரிய கணக்கு வெப்பம். 43 கிலோவாட் எரித்து 13ஐ சக்கரத்துக்கு அனுப்புகிறோம் என்றால் மீதி 30 கிலோவாட் சூடு. பத்து குளியலறை கெய்சர்கள் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். அதில் பாதிக்கு மேல் புகையோடு போனாலும், மற்றதை எண்ணெயும் உலோகத் துடுப்புகளும் வழியில் வரும் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். சயான் சர்க்கிளில் வண்டிகளுக்கு நடுவே நின்றால் வழியில் வரும் காற்றே இல்லை. பத்து சதவீதம் அதிகம் எரித்தால் பத்து சதவீதம் அதிகச் சூடு. துடுப்புகளின் பரப்போ அதேதான்.

நிறுவனம் இதை எப்படித் தீர்த்தது என்பதைப் பாருங்கள். 2025 ஜனவரியில் எக்ஸ்பல்ஸ் 210 விலைக்கு வந்தது. கொள்ளளவு ஐந்து சதவீதம்தான் கூடியது, திறன் 24.6 குதிரை, முன்னதைவிட கிட்டத்தட்ட முப்பது சதவீதம் அதிகம். தண்ணீர் குளிர்விப்பு, ஹெட்டில் இரட்டை கேம், உச்சம் 9,250 சுற்றில். சூட்டை அகற்றும் வழி கிடைத்ததும் கம்ப்ரஷன், சுற்று, வால்வு எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்ற முடிந்தது. 4வி வைத்திருப்பவர் கிட் கிட்டாக வாங்கி அங்கே போய்ச் சேர நினைத்தால், வழியில் ரேடியேட்டர் இல்லாத ஊரில் நிற்க வேண்டியிருக்கும்.

சரி, பவர் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். எதற்கு? வேகமாக ஓடும்போது காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் இந்த உயர வண்டிக்கு அது இன்னும் மோசம். எஞ்சினில் பத்து சதவீதம் கூட்டினால் உச்ச வேகம் மூன்று சதவீதம்தான் கூடும்: 115 கிலோமீட்டர் 118 ஆகும், சொச்சம். ஏற்கெனவே நல்ல சாலைகள் மறுக்கப்பட்ட நகரத்தில் அந்த மூன்று கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மும்பை பைக்காரர் உண்மையில் ஓட்டும் பாதை பழைய நெடுஞ்சாலை. சயான்–பன்வெல் சாலையில் வாஷி பாலம் தாண்டி, பன்வெல், கோபோலி வழியாக போர் காட் மலைப்பாதையில் ஏற வேண்டும். இல்லையென்றால் கசாரா, மால்ஷேஜ். அங்கே வேண்டியது சக்கரத்தில் இழுவை, நாற்பதிலும் அறுபதிலும். அதை வாங்கும் மலிவான வழி பற்களில் இருக்கிறது. எக்ஸ்பல்ஸின் முன் ஸ்ப்ராக்கெட்டில் 13 பல். அதைக் கழற்றி 12 பல் மாட்டினால் எல்லா கியரிலும் சக்கரத்தில் இழுவிசை 8.3 சதவீதம் கூடும். சிலிண்டரைச் சீவிக் கிடைத்த பதினொன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். செலவு சில நூறு ரூபாய், வேலை அரைமணி நேரம், பிஸ்டனுக்கு ஆபத்தில்லை, மனம் மாறினால் திருப்பி மாட்டலாம். இலவசமில்லை: அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், பெட்ரோல் கொஞ்சம் கூடும், சிறிய பல்லில் செயின் இறுக்கமாக வளைவதால் சீக்கிரம் தேயும். ஆனால் ஏற்றத்தில் கியரை இறக்காமல் போவதன் சுகத்தை ஓட்டியவர் அறிவார். பாரத் ஸ்டேஜ் 6இல் திறன் குறைந்தபோது ஹீரோவே பின் ஸ்ப்ராக்கெட்டை 39இலிருந்து 40 பல் ஆக்கியது. பொறியாளர்கள் கூச்சப்படாத ஒன்றுக்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் செய்து பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டகத்தில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறு எண்ணுமாக ஓடும் கரிஸ்மா–இம்பல்ஸ், ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாவிட்டால் விபத்து நடந்த நாளில் காப்பீட்டுக் கம்பெனிக்குக் கொண்டாட்டம். பந்தய மைதானத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு வேறு நியாயம்.

பந்தயம் என்றதும் ஒரு விஷயம். 2020இல் ஹீரோ எக்ஸ்பல்ஸுக்கு ஒரு ராலி கிட் விற்கத் தொடங்கியது, விலை 38,000 ரூபாய். காட்டுப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்காகவே, அவர்களோடு உட்கார்ந்து பேசிச் செய்த பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது? கரடுமுரடுப் பாதைக்கான டயர், ஹேண்டில்பாரை உயர்த்தும் கட்டைகள், தட்டையான சீட், நீண்ட கியர் பெடல், நீண்ட சைடு ஸ்டாண்ட், முழுக்கச் சரிசெய்யத்தக்க சஸ்பென்ஷன். முன்சக்கரம் ஏறி இறங்கும் தூரம் 190 மில்லிமீட்டரிலிருந்து 250 ஆகிறது, பின்சக்கரத்துக்கு 170இலிருந்து 220. பிஸ்டன் இல்லை, கேம் இல்லை, கணினிப் பெட்டி இல்லை. குண்டுங்குழியில் பின் டயர் தரையை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் எஞ்சினின் திறன் முழுக்க வீண். சக்கரம் வெற்றிடத்தில் சுழலும். ஐம்பது மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கி மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பின்சக்கரம், இருக்கிற பதினெட்டில் எத்தனை குதிரையைத் தரைக்குக் கொண்டுவருகிறது என்பதைத் திறனை அளக்கும் எந்த டைனோ இயந்திரமும் காட்டாது. டைனோவில் வண்டியைக் கட்டி வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.